பதினான்காம் பக்கத்தில் ஒரு பிழை

சொரிமுத்து மின்வாரியத்தில் வயர்மேன், ஏரல் பிரிவு.
நாவல் எழுதியிருக்கிறார், முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
மீட்டர் கணக்கெழுதும் நீளத் தாள்களின் பின்புறத்தில்.
வண்ணார்பேட்டை அச்சகத்தில் அது என் மேஜைக்கு வந்தது.
ஒற்றுப்பிழை பார்ப்பது என் வேலை.
பக்கத்துக்கு ஏழு ரூபாய்.

கதையில் கால இயந்திரம் இருப்பது
கொற்கையில், வாழைத்தோட்டத்துக்கு நடுவே
ஒரு பம்புசெட் அறையில்.
மும்முனை மின்சாரம் வந்தால்தான் ஓடும்.
அது ராத்திரி பத்துக்கு வந்து நாலுக்குப் போய்விடும்.
நாயகன் திரவியம் போவதும் வருவதும்
அந்த ஆறு மணி நேரத்துக்குள்.
இங்கேயே எனக்கு ஆசிரியரைப் பிடித்துவிட்டது.
ஈராயிரம் வருஷத்தைத் தாண்டுகிறவனால்
வாரியத்தின் நேர அட்டவணையைத் தாண்ட முடியவில்லை.

சுவிட்சைத் தட்டுகிறான்.
பழைய கொற்கையின் தெருவில் நிற்கிறான்:
மாடங்கள், யானை,
முத்தை மரக்காலில் அளக்கிற வணிகர்கள்,
கண்டதும் அவன்மேல் காதல் கொள்கிற ஒருத்தி.
ஒற்றுப்பிழை பதினொன்று. திருத்தினேன்.

திருத்திய பிறகும் இடறியது.
பதினான்காம் பக்கத்துக்குத் திரும்பிப் போனேன்.
‘இந்த இயந்திரம் காலத்தை மாற்றும்; இடத்தை மாற்றாது.’
அவரே எழுதியிருக்கிறார், அடிக்கோடு போட்டு.

ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
ஐயா, உங்கள் வாழைத்தோட்டம் அப்போது கடல்.
கரை தள்ளிப்போனது பிறகுதானே.
திரவியம் தெருவில் நிற்க வழியில்லை.
முங்கிப்போவான்.
ஒற்றுப்பிழை பார்க்கிறவள் இதைச் சொல்லக்கூடாது, மன்னிக்கவும்.
இப்படிக்கு, மா. செண்பகவடிவு.

மூன்று வாரம் போன் இல்லை.
முன்பணம் கொடுத்த ஆளாயிற்றே என்று
முதலாளி என்னை முறைத்தபடி இருந்தார்.
ஒரு செவ்வாய்க்கிழமை, இடுப்பில் கட்டிங் பிளேயரோடு,
சொரிமுத்து வந்து நின்றார்.
புது அத்தியாயத்தை மேஜையில் வைத்தார்.
ஒன்றும் பேசவில்லை.

இங்கே ராத்திரி, அங்கே உச்சிவெயில்.
திரவியம் தண்ணீருக்குள் கண் விழிக்கிறான்.
அவன் செருப்பு மேலே போகிறது, அவன் கீழே போகிறான்.
கல்லைக் கட்டி இறங்கிய ஒருவன்
சிப்பிக்குத் துழாவிய கையில்
இவன் தலைமயிர் அகப்படுகிறது.
தோணியில் குப்புறப் போட்டு முதுகை அமுக்குகிறார்கள்.
அவர்கள் பேச்சு இவனுக்குப் பிடிபடவில்லை.
இவன் ‘தேங்க்ஸ்’ என்கிறான்; அவர்கள் சிரிக்கிறார்கள்.
மயங்கி மறுபடி விளிம்பில் சாயப்போகிறபோது
அந்த முங்காளி, பெயர் கோடன், கத்துகிறான்:
‘எலா!’
திரவியத்துக்கு அழுகை வந்துவிடுகிறது.
அன்று காலைதான் ஏரல் பஸ் ஸ்டாண்டில்
யாரோ ‘ஏலே’ என்று கூப்பிட்டிருந்தார்கள்.
எழுத்து கொஞ்சம் மாறியிருக்கிறது.
திருத்தாமல் விட்டேன்.

நகரத்துக்குள் அவன் போகவே இல்லை.
தோணியிலிருந்து பார்க்கிறான்:
புகை, ஒரு மதில்,
சிப்பிக் குவியல் அழுகுகிற நாற்றம்,
கரையில் துணி உலர்த்துகிற யாரோ.
அவ்வளவுதான் கொற்கை.
நாலு மணிக்கு மின்சாரம் நின்றது, பிடி விட்டது.
ஈரச் சட்டையோடு வாழைக்கடியில் கிடந்தான்.
பையில் கோடன் திணித்த சிப்பி ஒன்று.
பிளந்தான். முத்து இல்லை, சதை இருந்தது.
தின்றானா என்று ஆசிரியர் சொல்லவில்லை.

காதலியைக் காணோம். யானையையும்.
ஒற்றுப்பிழை மூன்றே மூன்று.

ஞாயிற்றுக்கிழமை கொற்கைக்கு பஸ் ஏறினேன்.
பம்புசெட் அறை எத்தனையோ இருந்தன, எல்லாம் பூட்டி.
ஒரு வாழைக்கடியில் செருப்பு நுனியால் கிளறினேன்.
வெள்ளையாகச் சிப்பிச் சில்லு.
அண்ணாந்து பார்த்தேன். இலைகளுக்கு மேலே,
ரொம்ப மேலே,
ஒரு தோணியின் அடிவயிறு போகும் உயரத்தில்
வெயில் ஆடிக்கொண்டிருந்தது.

எப்போதிலிருந்து மூச்சைப் பிடித்திருக்கிறேன், தெரியவில்லை.

திரும்புகிற பஸ் வந்து நின்று
‘ஏறுதியளா, இல்லியா?’ என்று நடத்துநர் கத்துகிறார்.
பதில் சொல்ல
வாயைத் திறக்கப் பயமாக இருக்கிறது.